பெயர் எழுதப்படாத இடம்

பினாங்கு,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மலருக்கு,

நீ அனுப்பிய ஏழு அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்தேன். காலப் பயணக் கதைக்குள் நம் ஊரைக் கொண்டுவந்திருக்கிறாய், மனசு நிறைந்தது. ஆனால் உன் கதிரவன் 1941-க்குப் போய், ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று துரைகளிடம் சொல்லி வரலாற்றைத் திருப்பப் பார்க்கிறானே, அந்த இடம் நிற்கவில்லை.

முதலில் அவன் கைக்கடிகாரத்தைச் சரிசெய். இப்போது நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அது 1982 ஜனவரி 1-இல் வந்த ஏற்பாடு. 1941 செப்டம்பரிலிருந்து மலாயாவுக்கு ஏழரை மணி, ஜப்பான் காலத்தில் தோக்கியோ நேரப்படி 9 மணி. கடிகாரத்தை மாற்றாமல் போனால் 1941-இல் எங்கே போனாலும் அரை மணி முன்னதாகப் போய் நிற்பான். 1943-இல் பிறை ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவான், ரயில் போயிருக்கும். பணமும் அப்படித்தான். 1941-இல் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி நோட்டு வேண்டும், அடுத்த வருஷம் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு.

எச்சரிக்கை கொண்டுபோவது வீண் வேலை, மலர். டிசம்பர் 6-ஆம் தேதியே ஹட்சன் வேவு விமானம் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கடலில் பார்த்துச் சொல்லிவிட்டது. முந்திக்கொண்டு சயாமுக்குள், அதாவது இன்றைய தாய்லாந்துக்குள், போய் சிங்கோரா துறைமுகத்தில் மறிக்க ‘மட்டடோர்’ என்ற திட்டமும் தயாராக இருந்தது. சயாமின் நடுநிலையைத் தாங்கள் முதலில் மீறியதாக ஆகிவிடக் கூடாதே என்று பிரிட்டிஷ் தளபதி புரூக்-போப்பம் தயங்கினார். 8-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் கோத்தா பாருவில் இறங்கிவிட்டார்கள். எல்லாம் தெரிந்தும் முடிவெடுக்காதவர்களிடம் கதிரவன் இன்னொரு காகிதத்தை நீட்டி என்ன ஆகப்போகிறது?

அடுத்தது காலப் பயணத்தின் விதி. மாற்றியதும் உலகம் கிளை பிரிகிறது என்பது ஒன்று, 1957-இல் அமெரிக்க இயற்பியலாளர் எவரெட் சொன்ன பல உலகக் கருத்தை ஒட்டியது. இன்னொன்று 1980-களில் ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ் சொன்னது. பின்னோக்கிப் போனவன் செய்வதெல்லாம் ஏற்கெனவே நடந்த வரலாற்றில் அடங்கியதுதான், முரண்பாடு வரும் செயல் நடக்கவே நடக்காது. நீ முதல் அத்தியாயத்தில் ஒன்றையும் ஐந்தாவதில் மற்றதையும் வைத்திருக்கிறாய். நோவிகோவைப் பிடித்துக்கொள். உன் கதைக்கு அதுதான் பலம்.

அந்த விதிப்படி, பதிவான எதையும் கதிரவன் தொட முடியாது. 1941 டிசம்பர் 11-இல் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. சில நாளில் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள், 19-ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். இடையில் கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து. ஆறாவது அத்தியாயத்தில் அந்தக் கொடிக்கயிற்றைக் கதிரவன் கையில் கொடுத்திருக்கிறாய். எடுத்துவிடு. அது அவர் பிடித்த கயிறு.

பதிவாகாத இடத்துக்கு அவனை அனுப்பு. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் பாதையை இணைத்தார்கள். ரங்கூனுக்குப் போகும் கடல் வழியில் நீர்மூழ்கிகளின் தொல்லை இருந்ததால் காட்டு வழியே சரக்கு அனுப்ப அவசரப்பட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி நம் தோட்டத்து ஜனங்களை ஆயிரமாயிரமாக ஏற்றிப்போனார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. பெயர் பொறித்த ஒருவரைக் கதிரவனால் காப்பாற்ற முடியாது. நம்மவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் பொறித்த கல்லும் இல்லை, சரியான கணக்கும் இல்லை. எந்தக் கொட்டகையில் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எழுதி வைக்காததால், அங்கே அவன் பத்துப் பேரைப் பிழைக்க வைத்தாலும் எந்த ஏட்டோடும் மோதாது.

ஏழாவது அத்தியாயத்தில் அங்கே வரும் காலராவுக்கென்று கதிரவனுக்குப் பை நிறைய மாத்திரை கொடுத்திருக்கிறாய். காலராவில் ஆளைக் கொல்வது நீர் வற்றிப்போவது. கடுமையான காலராவில் பெரிய ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். மாத்திரை நோயின் நாளைக் குறைக்கும், வற்றிய உடம்பை நிரப்பாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சீனி குடலுக்குள் உப்பை இழுத்துப் போகும், உப்பு தண்ணீரை இழுக்கும். இதை மருத்துவ உலகம் 1960-களில்தான் உறுதி செய்தது. அதனால் 1943-க்குப் போகிற ஒருவன் பையில்லாமல், தலைக்குள் கொண்டுபோகலாம்.

அந்தக் காட்டில் சீனிக்கு எங்கே போவான் என்று கேட்பாய். அரிசி போதும். 50 கிராம் அரிசியை மாவாக இடித்து, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தண்ணீரில் ஏழெட்டு நிமிஷம் கொதிக்கவிட்டு, அதே அரைத் தேக்கரண்டி உப்பு. கஞ்சிதான், மலர். நம் அடுப்பில் காலம் காலமாக இருப்பது. ஆனால் தண்ணீராக ஓட வேண்டும், கெட்டியானால் குடிக்க மாட்டான். உப்பு கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது, கூடினால் கெடுதல். வெயிலில் அரை நாளைக்கு மேல் வைத்தால் புளித்துப்போகும், கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுப்பவனுக்குப் பத்து நிமிஷம் விட்டு, பிறகு கரண்டி கரண்டியாக.

இனிதான் உன் கதைக்குத் தேவையான சிக்கல். ஆளுக்கு நாளுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால், முப்பது பேருக்கு 300 லிட்டர். 18 லிட்டர் மண்ணெண்ணெய் டின்னில் பதினேழு டின் கொதிக்க வேண்டும், 15 கிலோ அரிசி வேண்டும், அதுவும் ஜப்பான்காரன் அளந்து போடுகிற அரிசியில். மே மாதத்திலிருந்து அடைமழை, விறகு எரியாது. பேதியானவனுக்குத் தண்ணீர் காட்டாதே என்று கங்காணியே தடுப்பான், அது அந்தக் கால நம்பிக்கை. கதிரவன் உள்ளங்கையில் காய்ப்பு இல்லை, பேச்சும் தோட்டத்துப் பேச்சு இல்லை, அவன் சொல்லை யார் கேட்பார்கள்? முதல் டின்னைக் காய்ச்ச விறகு எங்கிருந்து வந்தது, யாரிடம் கெஞ்சினான், முதலில் யார் வாயைத் திறந்தார் என்பதை நிதானமாக எழுது. முப்பது பக்கம் போனாலும் பரவாயில்லை. ஜப்பான் படை இறங்கும் காட்சிகளைப் பாதியாகக் குறைத்து இடம் செய்துகொள்.

எட்டாவது அத்தியாயத்தில் கை வைக்கும் முன் அந்தக் கஞ்சியை வீட்டில் ஒரு தடவை காய்ச்சி, ஒரு லிட்டரையும் கரண்டியால் குடித்துப் பார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வை.

அன்புடன்,
அப்பா