அலைடு பேப்பருக்காக ஒரு பட்டம் தடுமாறலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கை பற்றித் தங்கள் நாளிதழில் தினமும் ஏதாவது வந்துவிடுகிறது. எந்தப் பாடத்துக்குக் கிராக்கி, கட்-ஆஃப் எவ்வளவு, கலந்தாய்வு என்றைக்கு என்று எல்லாமே எழுதுகிறீர்கள். ஆனால் சேர்ந்து ஓராண்டு படித்துவிட்டு, குடும்பச் சூழ்நிலையால் வேறு மாவட்டத்துக்குப் போய் இரண்டாம் ஆண்டில் சேர நினைக்கும் பிள்ளை என்ன பாடு படுகிறது என்று ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி சேர்க்கைப் பிரிவிலும் தேர்வுப் பிரிவிலும்தான் கழிந்தது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இப்படி வருகிறவர்கள் கூட்டமாக வருவதில்லை. ஒரு கல்லூரிக்கு வருடத்தில் ஒருவர், இருவர் வந்தால் அதிகம். வருகிறவர்களோ காரணம் இல்லாமல் வருவதில்லை. அப்பா இறந்துபோய், அம்மா பிறந்த ஊருக்கே திரும்பியிருப்பார். அல்லது வேலை மாற்றல். பெண் பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் கல்யாணம். படிக்க வைக்கிறோம் என்று புகுந்த வீட்டார் ஒத்துக்கொண்ட பிறகும் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளாமல் படிப்பை நிறுத்திய பெண்களின் கோப்புகள் என் கைவழியே போயிருக்கின்றன.

இடம் இல்லை என்பதா பிரச்சினை? இல்லவே இல்லை. முதல் செமஸ்டர் முடிவதற்குள் இன்ஜினியரிங், நர்சிங், வேலை என்று சிலர் விலகிவிடுவார்கள். மூன்றாம் செமஸ்டர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். சிவப்பு மையில் அடித்த பெயர்கள் இல்லாத வகுப்பு அரிது. இடம் காலியாகத்தான் கிடக்கிறது. தடுப்பது 'ஈக்குவலன்ஸ்' எனப்படும் இணைத்தன்மை, அதாவது அங்கே தேறிய பாடம் இங்கே உள்ள பாடத்துக்குச் சமம் என்று புதிய பல்கலைக்கழகம் தர வேண்டிய ஒப்புதல்.

அது எப்படித் தடுக்கும் என்பதற்கு என் தங்கை மகள் பட்ட பாட்டையே சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், விதியை எழுதியவர்களை விட்டுவிட்டு, செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும் உதவியாளரைத்தான் பிடித்து உலுக்குவார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தென் மாவட்டம் ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டை அரியர் இல்லாமல் முடித்தாள். தங்கைக்கு வேலை மாற்றல் வந்தது. மகளைத் தனியாக விடுதியில் விட மனமும் இல்லை, கையில் வசதியும் இல்லை. போன ஊரில் இருந்த கல்லூரியில் துறைத் தலைவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நல்ல மார்க், சீட்டும் இருக்கு, ஈக்குவலன்ஸ் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த 'மட்டும்' எத்தனை பெரியது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவள் விட்டுவந்த பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவருக்கு முதலாண்டில் அலைடு கணிதம், இரண்டாம் ஆண்டில் அலைடு இயற்பியல். அலைடு என்றால் முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம். போய்ச் சேர்ந்த இடத்தில் அப்படியே தலைகீழ். அங்கே இவளுடைய வகுப்புத் தோழிகள் இயற்பியலை முதலாண்டிலேயே முடித்துவிட்டு, இப்போது கணிதத்தில் இருக்கிறார்கள். ஆக, தேறிய கணிதத்துக்கு இவள் மறுபடி உட்கார வேண்டும். படிக்காத இயற்பியலைத் தனியாக எழுத வேண்டும். தியரி என்றால் வீட்டில் படித்து எழுதிவிடலாம், பிராக்டிகலை என்ன செய்வது? முதலாண்டுப் பிள்ளைகளோடு இயற்பியல் ஆய்வகத்தில் நின்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அந்த ஆய்வகம் நடக்கும் அதே மதியத்தில்தான் இவளுக்குச் சொந்த வேதியியல் ஆய்வகம். ஒரு கையில் பியூரெட், மறு கையில் ஸ்க்ரூ கேஜ் என்று ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் யாரால் நிற்க முடியும்?

கணிதம் எங்கே படித்தாலும் கணிதம்தான். முன்னே படித்தாலென்ன, பின்னே படித்தாலென்ன? மூன்றாண்டு முடியும்போது இரண்டையும் தேறியிருக்கிறாளா என்று பார்த்தால் போதாதா? இதைக் கேட்டதற்கு வந்த பதில்: "செமஸ்டர் வாரியாகத்தான் ஒப்பிட முடியும்." வேடிக்கை என்னவென்றால், பகுதி ஒன்று தமிழுக்கும் இதே கதைதான். ஒரு பல்கலைக்கழகம் முதல் செமஸ்டரில் வைத்த செய்யுள் பகுதியை இன்னொன்று மூன்றாம் செமஸ்டரில் வைத்திருந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு ஊரில் தேறிய தமிழ் இன்னொரு ஊரில் செல்லவில்லை.

சரி, எழுதிக் கேட்போம் என்றால் அதற்கும் நாள் பிடிக்கும். ஏப்ரல் தேர்வின் முடிவு வந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். விண்ணப்பத்தோடு முதல் இரண்டு செமஸ்டரின் பாடத்திட்டத்தை, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கி இணைக்க வேண்டும். அது பதிவாளர் அலுவலகத்தில் இருந்து பாடத்திட்டக் குழுத் தலைவருக்குப் போகும். அவர் வேறு ஏதோ கல்லூரியில் பேராசிரியர், விடைத்தாள் திருத்தும் முகாமில் இருப்பார். கோப்பு திரும்பி வருவதற்குள் மூன்றாம் செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதி மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சேர்க்கை ஆணை கைக்கு வந்த தேதிக்கு முன் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அது கணக்கில் வராது. அலுவலகம் எடுத்துக்கொண்ட நாளுக்கு மாணவி தண்டம் கட்டுகிறாள்.

என் தங்கை மகளுக்கு அந்தத் துறைத் தலைவர் நல்லவராக வாய்த்தார், ஆய்வக நேரத்தை மாற்றிக் கொடுத்தார். எப்படியோ சேர்ந்துவிட்டாள். இருந்தாலும் இன்றுவரை அவள் மதிப்பெண் பதிவில் எழுதவே வாய்ப்புக் கொடுக்கப்படாத பேப்பர்கள் அரியர் போல நிற்கின்றன. 'நிலுவைத் தாள் இருக்கக் கூடாது' என்று கேட்கும் உதவித்தொகை விண்ணப்பத்தில் இவள் என்ன எழுதுவாள்?

இது ஏன் கலை, அறிவியல் பிள்ளைகளுக்கு மட்டும் இவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். இன்ஜினியரிங் மாணவர் திருநெல்வேலியில் இருந்து வேலூருக்குப் போனாலும், தானே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரியாக இல்லாவிட்டால், அதே அண்ணா பல்கலைக்கழகம், அதே பாடத்திட்டம். அதையும் 2007இல் ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்துவிட்டு 2012இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். மருத்துவத்துக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம், சட்டத்துக்கு அம்பேத்கர் பல்கலைக்கழகம், பி.எட்.டுக்கு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று துறைக்கு ஒன்றாக மாநிலம் முழுவதற்கும் இருக்கின்றன. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மட்டும்தான் மாவட்டக் கணக்கில் பங்கு போடப்பட்டிருக்கிறது.

முன்பு இப்படி இல்லை. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை பாளையங்கோட்டைக் கல்லூரியும் வேலூர்க் கல்லூரியும் ஒரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. பிறகு 1982இல் கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன், 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார், 1997இல் சேலத்தில் பெரியார், 2002இல் வேலூரில் திருவள்ளுவர் என்று வரிசையாக வந்தன. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கோவில்பட்டிப் பிள்ளை ஒரு மதிப்பெண் பட்டியலைத் திருத்தச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது மாறியது நல்லதுதான். சொத்தைப் பங்கு போட்ட அண்ணன் தம்பிகள் நடுவில் சுவர் எழுப்பினார்கள், போக வர ஒரு வாசல் வைக்க மறந்துவிட்டார்கள்.

வாசல் வைக்க முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24 கல்வியாண்டில் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கால்பங்கு வரை பல்கலைக்கழகங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாணவர் கல்லூரி மாறுவது எளிதாகும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தன்னாட்சிக் கல்லூரிகளில் இருந்து பேராசிரியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாடத்தை மேலிருந்து திணித்தால் கற்பிப்பவரின் சுதந்திரம் போய்விடும் என்ற அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கேட்பதற்குப் பாடம் ஒன்றாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. எதற்கு எது இணை என்று ஒரு முறை உட்கார்ந்து முடிவு செய்தால் போதும். பாடத்திட்டம் ஒன்றாக்கப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு பட்டால் அந்தப் பட்டியல் தயாராகிவிடும்.

இன்னொரு பக்கம், பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கிரெடிட் வங்கி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பாடங்களில் தேறினால் கிடைக்கும் கிரெடிட் என்ற புள்ளிகள் அதில் மாணவர் கணக்கில் சேரும். ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்த்த கிரெடிட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம், பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்து வந்தது என்பதால் அதைப் பற்றி இங்கே அரசியல் வாதம் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் தேர்வு விண்ணப்பத்தில் அந்தக் கணக்கின் 12 இலக்க எண்ணைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிவிட்டு, மாறிப் போகும்போது "அதெல்லாம் இங்கே செல்லாது, முத்திரை வைத்த சிலபஸ் கொண்டு வா" என்பது என்ன நியாயம்? வங்கிக் கணக்கு இருக்கிறது, பணம் எடுக்கத்தான் விடுவதில்லை.

இணைப் பட்டியல் என்று நான் சொல்வது இதைத்தான். பாடவாரியாக, பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுத் தலைவர்கள் ஒன்றாகக் கூடி, முதல் இரண்டு செமஸ்டர்களுக்கு மட்டும் எதற்கு எது சமம் என்று எழுதி, உயர்கல்வி மன்றத்தின் இணையதளத்தில் போட்டுவிட வேண்டும். ஒப்பீடு ஆண்டுக்கணக்கில் இருக்கட்டும், செமஸ்டர் கணக்கு வேண்டாம். அலைடு பாடங்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஏற்க வேண்டும். பகுதி ஒன்றும் இரண்டும், அதாவது தமிழும் ஆங்கிலமும், எந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேறினாலும் அப்படியே ஏற்கப்பட வேண்டும். அதில் ஒப்பிட என்ன இருக்கிறது? பட்டியலில் அடங்காதது ஏதாவது இருந்தால் மட்டும் கோப்பு போகட்டும். அதுவரை பிள்ளையைத் தற்காலிகமாகச் சேர்த்து, விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்து வருகையைக் கணக்கிட வேண்டும்.

இதைத் திறந்துவிட்டால் எல்லோரும் கிராமத்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டுச் சென்னைக்கும் கோவைக்கும் ஓடிவிடுவார்கள் என்று அதிகாரிகள் பயப்படுவார்கள். என் முன்னாள் முதல்வரே அப்படித்தான் சொல்வார். காலியிடம் எத்தனையோ அத்தனை பேர்தானே வர முடியும்? மாற்றல் ஆணை, இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு என்று காரணத்துக்குச் சான்று கேளுங்கள், கொடுப்பார்கள். மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்தாம் செமஸ்டரில் வந்து நிற்பவருக்கு எங்கள் பட்டத்தைத் தர முடியாது என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால் அது நியாயமே.

சுயநிதிக் கல்லூரிகள் சில, டி.சி. கேட்டால் மிச்சம் இருக்கும் வருடங்களின் கட்டணத்தையும் கட்டு என்கின்றன. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் குரல் கொஞ்சம் இறங்கும், நானே பார்த்திருக்கிறேன்.

பட்டியல் வரும்வரை பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். டி.சி.யை வாங்கிக்கொண்டு இடம் தேடாதீர்கள். டி.சி. வாங்கிய அன்றே பழைய கல்லூரிப் பதிவேட்டில் பெயர் அடிபட்டுவிடும், புதிய இடம் கைகூடாவிட்டால் திரும்பிப் போகவும் வழி இருக்காது. முதலில் புதிய கல்லூரி முதல்வரிடம் காலியிடம் இருப்பதாக எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துப் புதிய பல்கலைக்கழகத்தில் இணைத்தன்மைக்கு விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான தேதி முத்திரையோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை முதலாண்டு முடியும்போதே முத்திரை வாங்கிவிடுங்கள், கோடை விடுமுறையில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. டி.சி.யும் இடம்பெயர்வுச் சான்றிதழும் கடைசியில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்