மாமனார் போட்ட ஓட்டு

கேன்டன், மிச்சிகன்
12 ஜூலை 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, முழங்கால் வலியால் ஐந்தருவிப் பக்கம்கூடப் போகவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே சுள்ளென்று வெயில். புல் வெட்டிவிட்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நியூயார்க் மேயர் பிரைமரி பற்றிக் கேட்டிருந்தாய். மீரா நாயர் மகன் மம்தானி ஜெயிப்பார் என்று எந்தக் கருத்துக்கணிப்பும் சொல்லவில்லையே, ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நம் புள்ளியியல் வாத்தியார் சொன்னதெல்லாம் பொய்யா என்று. ஒன்றிரண்டு சொல்லத்தான் செய்தன. எமர்சன் கல்லூரியின் கடைசிக் கணிப்பில், வாக்காளர்கள் முதல், இரண்டாவது என்று வரிசைப்படுத்திய விருப்பங்களை எண்ணி முடிக்கும்போது அவர்தான் கொஞ்சம் முன்னால் இருந்தார். மற்ற பெரும்பாலானவை, எதிர்த்து நின்ற முன்னாள் ஆளுநர் குவோமோதான் என்றன. முடிவு 56-க்கு 44, மம்தானி பக்கம்.

பழமொழியில் தப்பில்லைடா. ஆனால் எந்தப் பானை என்று முதலில் தெரிய வேண்டுமே! ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்கிற தேர்தல் பிரைமரி. பொதுத்தேர்தலுக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பங்குதான் இதற்கு வரும். யார் அந்த ஒரு பங்கு என்பது ஓட்டுப்பதிவு அன்றைக்குத்தான் தெரியும். கணிப்பு எடுக்கிறவர் இரண்டு வாரம் முன்னாலேயே, இன்னும் கூடாத கூட்டத்தில் மாதிரி எடுக்கிறார். உலையே வைக்காத சோறு.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். 2016 மார்ச்சில் இங்கே ஹிலாரி கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் போட்டி. மாமனார் விசிட்டர் விசாவில் வந்திருந்தார். பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஆள். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த லேண்ட்லைன் அடித்தால் பாய்ந்து எடுப்பார். ஒருநாள் பதிவு செய்த குரல் ஒன்று பேசியிருக்கிறது: ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுவீர்களா, நிச்சயம் என்றால் ஒன்றை அழுத்துங்கள். அழுத்தினார். யாருக்கு என்றது. அதற்கும் ஒன்று. “அந்தப் பொண்ணு அவ்வளவு மரியாதையா கேக்குது மாப்ளே, எப்படி வைக்கிறது?” என்றார். வயது கேட்டதற்கு மட்டும் யோசித்துச் சரியாக அழுத்தினாராம். இந்த நாட்டில் ஓட்டே இல்லாத மனிதர்!

அதே வீட்டில் ஓட்டு உள்ள என் மகனுக்கு அப்போது 19 வயது. கையில் செல்போன் மட்டும். அவனை யாரும் கேட்கவில்லை. தானியங்கி இயந்திரம் வைத்து, சம்மதம் வாங்காமல் செல்போனுக்கு அடிக்க 1991-லிருந்தே சட்டம் தடை போட்டிருக்கிறது. அதனால் குறைந்த செலவில் கணிப்பு நடத்துகிறவர்கள் லேண்ட்லைனோடு நின்றுவிட்டார்கள். லேண்ட்லைனை எடுப்பது யார்? என் மாமனார் வயதுக்காரர்கள். மகன் வரிசையில் நின்று சாண்டர்ஸுக்குப் போட்டுவிட்டு வந்தான்.

கணிப்புகளின் சராசரியில் கிளின்டன் 20 சதவீதப் புள்ளிக்கும் மேல் முன்னால் இருந்தார். மார்ச் 8 இரவு சாண்டர்ஸ் ஒன்றரைப் புள்ளியில் ஜெயித்தார்.

பழியை லேண்ட்லைன் மேல் மட்டும் போட முடியாது. மிச்சிகனில் வாக்காளர் பட்டியலில் கட்சி கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் ஏதாவது ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். சரி, போன தடவை வந்தவர்களைப் பார்ப்போம் என்றால், 2012-ல் ஒபாமாவுக்குப் போட்டியே இல்லை. 2008-ல் மாநிலம் தேதியை முன்னால் இழுத்துக் கட்சியோடு சண்டை போட்டதில், ஒபாமா தன் பெயரையே சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். பழைய கணக்கு இருந்தும் பிரயோஜனமில்லை. கட்சி சாராதவர்களும் இளசுகளும் இவ்வளவு பேர் வருவார்கள் என்று எடை போட முடியவில்லை.

நியூயார்க் இதற்கு நேர் எதிர். கட்சியில் பதிந்தவருக்கு மட்டும்தான் ஓட்டு. (2016-ல் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் நேரத்துக்குப் பதியாமல் விட்டு, அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள்!) ஆக, பட்டியல் கையில் இருக்கிறது. ஆனாலும் அதில் யார் வருவார் என்று ஊகித்தாக வேண்டும். பழைய பிரைமரிகளுக்கு வந்தவர்களை வைத்து ஊகித்தவர்கள் கண்ணில் புதிதாகப் பதிந்தவர்கள் படவே இல்லை.

எனக்கு எரிச்சல் தருவது அந்தப் ‘பிழை வரம்பு’. 2014-ல் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர், குடியரசுக் கட்சியின் பெருந்தலை. அவருடைய ஆட்களே 400 பேரைக் கேட்டு, 34 புள்ளி முன்னிலை, பிழை வரம்பு 4.9 என்றார்கள். பிரைமரியில் 11 புள்ளியில் தோற்றார். மொத்தம் 45 புள்ளி சறுக்கல்! 400 பேருக்கு அந்த 4.9 என்பது சரியான கணக்குதான், நீயே போட்டுப் பார். ஆனால் சரியான கூட்டத்திலிருந்து குலுக்கி எடுத்தால் வருகிற ஏற்ற இறக்கம் மட்டுமே அது. கூட்டமே வேறு என்றால் 400 என்ன, 4,000 பேரைக் கேட்டாலும் தவறு இன்னும் உறுதியாகத்தான் வரும்.

இதில் எனக்குப் பிடித்த ஆள், அயோவா மாநிலத்தில் கணிப்பு எடுத்துவந்த ஆன் செல்சர். போன தடவை வந்தீர்களா என்பதை வைத்து அவர் ஆளைக் கழித்ததில்லை. இந்தத் தடவை வருவீர்களா என்று கேட்டார், சொன்னதை நம்பினார். 2008 அயோவா காகஸுக்கு (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்காளர்கள் நேரில் கூடுகிற கூட்டம்) முன்னால், வருகிறவர்களில் 60 சதவீதம் பேர் முதல்முறை வருகிறவர்கள், ஒபாமா 32, கிளின்டன் 25 என்று போட்டார். ஜனவரிக் குளிரில், ராத்திரியில், அத்தனை புதுமுகங்களா என்று எதிர் முகாம்கள் கேலி செய்தன. வாசலில் கேட்டபோது முதல்முறைக்காரர்கள் 57 சதவீதம். ஒபாமா ஜெயித்தார்.

அவரையும் சாமியாக்கிவிடாதே. 2020-ல் போனில் கேள்வி கேட்கிற ஒருவர் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டதில் வேட்பாளர்களில் ஒருவரான புட்டிஜெஜ் பெயர் மறைந்துபோய், கடைசிக் கணிப்பையே வெளியிடாமல் நிறுத்தினார்கள். அதையாவது நாணயம் என்று சொல்லலாம். 2024-ல் அயோவாவில் கமலா ஹாரிஸ் 3 புள்ளி முன்னால் என்றார். டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். அதே நம்பிக்கைதான், இந்தத் தடவை கைவிட்டது.

அப்புறம், லேண்ட்லைனை எடுத்துவிட்டோம். போன் மாட்டியிருந்த ஆணியில் இப்போது நீ அனுப்பின காலண்டர் தொங்குகிறது. மகனுக்கு 28 ஆகிறது. தெரியாத நம்பர் என்றால் போனை எடுக்கவே மாட்டான். நான் கூப்பிட்டாலே பாதி நாள் எடுப்பதில்லை, கணிப்புக்காரனுக்கா எடுக்கப்போகிறான்!

டிசம்பரில் வருகிறேன். அதற்குள் முழங்காலை டாக்டரிடம் காட்டு. தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தாதே.

உன்,
சுந்தரம்