பிரூஸ்டர் தெருவில் ஒரு டிரம்மர்

அன்புப் பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. ஆறு மாதம் ராத்திரி பகலாகப் பாடுபட்டிருக்கிறாய், பெரியவர்கள் முன்னால் அந்த வேலையைக் காட்டியபோது உன் பெயர் ஒரு வரியில்கூட இல்லை என்றாய். அப்போது எனக்கு நாக்கே எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இருக்கிற சின்சினாட்டியில், எவன்ஸ்டன் பக்கம் பிரூஸ்டர் அவென்யூ என்று ஒரு தெரு உண்டு. அங்கே 1540-ஆம் எண்ணில்தான் கிங் ரெக்கார்ட்ஸ் இருந்தது. சிட் நேதன் என்பவர் 1943-இல் தொடங்கிய கம்பெனி. பாட்டைப் பதிவு செய்வது, இசைத்தட்டு அடிப்பது, உறை அச்சடிப்பது, அனுப்பி வைப்பது எல்லாம் ஒரே இடத்தில். கறுப்பரும் வெள்ளையரும் அங்கே சேர்ந்து வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சின்ன விஷயமில்லை.

அந்தக் கம்பெனித் தட்டுகளில் ரெண்டை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, கணக்கே இல்லை. ஒன்று, 1956-இல் வந்த 'ஹாங்க்கி டாங்க்'. நம் திஸ்ர நடை மாதிரி, மூணு மூணாக ஆடி ஆடி வரும். தட்டின் ஒரு பக்கம் பில்லி பட்லரின் கிட்டார், திருப்பிப் போட்டால் கிளிஃபர்ட் ஸ்காட்டின் சாக்ஸபோன். குழுத் தலைவர் பில் டாகெட் ஆர்கன் என்கிற கீபோர்டு வாத்தியம் வாசிப்பவர். தட்டில் அவர் பெயர்தான் பெரிசாக இருக்கும், ஆனால் அவர் ஆர்கன் கடைசிவரை பின்னாலேயே நின்று தாங்கிக்கொண்டிருக்கும். அதை இயற்றியவர்கள் என்று நாலு பெயர் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று ஷெப் ஷெப்பர்ட். டிரம்மர், பாப்பா! டிரம்ஸ் வாசித்தவரும் அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று எழுதி வைத்த தட்டு அது. முப்பது வருஷம் மேடைக் கச்சேரிகளில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று 'ஃபங்கி டிரம்மர்'. 1969 நவம்பரில், அந்தப் பிரூஸ்டர் தெருக் கட்டடத்திலேயே பதிவானது. பாடினவர் ஜேம்ஸ் பிரவுன், டிரம்ஸ் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். ஐந்து நிமிஷம் தாண்டினதும் மற்ற வாத்தியமெல்லாம் நின்றுவிடும், டிரம்ஸ் மட்டும் தனியாகப் போகும். வலது கை ஹைஹாட் என்கிற ஜோடிச் சிம்பலில் ஓயாமல் ஓடும். இடது கை ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் ஓங்கி அடிக்கிற அடிகளுக்கு நடுவே, அரிசியைத் தூவுகிற மாதிரி மெல்லிசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தூவல்தான் உயிர். அதை எடுத்துவிட்டால் அது வெறும் தாளம். அந்தச் சில விநாடிகளை வெட்டியெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹிப்ஹாப் பாட்டுகளில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் இயற்றியவர் என்று ஜேம்ஸ் பிரவுன் பெயர் மட்டும்தான். ராயல்ட்டிப் பணமும் அந்த வழியேதான் போயிற்று. ஸ்டபிள்ஃபீல்ட் 2017-இல் காலமானார்.

ஒரே கம்பெனி. நாலு பேர் பெயரையும் போட்ட தட்டும் அங்கிருந்துதான் வந்தது, டிரம்மர் பெயரை விட்ட இந்தத் தட்டும் அங்கிருந்துதான் வந்தது.

நீ பிறப்பதற்கு முன்னால் நாங்கள் ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்கு வாசித்தோம். உறையில் பாடகர் படம், கீழே பொடி எழுத்தில் 'குழுவினர்' என்று ஒரே வார்த்தை. கேட்டால் அடுத்த வாய்ப்பு வராதோ என்று பயந்து நான் வாயே திறக்கவில்லை. அந்தக் கேசட் இன்னும் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

நீ கேட்டுவிடு, பாப்பா. கோபமாக வேண்டாம். எந்தத் தேதியில் எதைச் செய்தாய் என்று வரிசையாக எழுதி, உன் மேலதிகாரிக்கு அனுப்பு. அடுத்த தடவை உன் பெயர் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதையும் நீயே எழுது. அவர்கள் முடியாது என்றால் அது அவர்கள் பாடு.

இந்தச் சனிக்கிழமை வேலை இல்லை என்றால் பிரூஸ்டர் அவென்யூ வரை போய்விட்டு வா. உள்ளே விடுவார்களோ என்னவோ, வெளியிலிருந்தே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காதில் 'ஃபங்கி டிரம்மர்' ஓடட்டும். இடது கையைக் கவனி.

அன்புடன்,
அப்பா