பேர் தெரியாத அந்த அக்காவுக்கு ரொம்ப ரொம்ப நன்றி

இன்னிக்கு காலைல எழுந்து பார்த்தா தலையணைல ரத்தக்கறை இல்ல. அதான் பல்லு விளக்கின கையோட எழுத உக்காந்துட்டேன். ஈறுல ரத்தம் வந்து நான் பட்ட பாடு உங்கள்ல நிறைய பேருக்கு தெரியும், அதெல்லாம் மறுபடி வேணாம்.

பல் டாக்டர் பக்கத்துல நின்ன அசிஸ்டென்ட் அக்காவுக்கு தான் முதல் நன்றி. ஸ்கேலிங், அதாவது பல்லுல படிஞ்ச காரைய சுரண்டி எடுக்குறது, ஆரம்பிச்சதுமே ரத்தம் வந்துச்சு, நான் உடனே சாரி சொன்னேன், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், பிறக்கும்போதே ஹெச்ஐவியோட பிறந்த பிள்ளை, முழங்கால் சிராய்ச்சா கூட அழறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்குறவங்கள தள்ளிப் போகச் சொல்லித் தான் எனக்கு பழக்கம். "எதுக்குப்பா சாரி? ஈறு வீங்கியிருக்கு, ரத்தம் வருது. யாருக்கு வீங்கினாலும் வரும்"னு சொல்லிக்கிட்டே தாடையில வழிஞ்சத பஞ்சால ஒத்தி எடுத்தாங்க. எல்லாருக்கும் போடுற அதே ஒரு ஜோடி கிளவுஸ் தான். எல்லாரும் போனப்புறம் கடைசியா வான்னு சொன்ன இடத்துல எல்லாம் உக்காந்துட்டு வந்தவனுக்கு அது எவ்ளோ பெருசுன்னு அந்த அக்காவுக்கு தெரியுமான்னு கூட தெரியல.

அப்புறம் ஒரு சின்ன கண்ணாடிய கையில குடுத்தாங்க. கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம் மஞ்சளா கல்லு மாதிரி காரை, அது ஒட்டியிருந்த இடத்துல ஈறு கருஞ்சிவப்பா உப்பியிருந்துச்சு, தள்ளி நல்லா தான் இருந்துச்சு. "ரத்தம் வருதுன்னு இந்த இடத்துல பிரஷ்ஷே படாம விட்டுடுறியா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். விட விட அழுக்கு படியும், படிய படிய வீங்கும், வீங்கினா இன்னும் ரத்தம்னு பொறுமையா சொன்னாங்க. இத்தன வருஷமா என் ரத்தத்துக்கு நானே பயந்து தான் இத வளர்த்திருக்கேன்.

வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுல இருக்கு, மாத்திரைய ஒரு நாள் விட்டதில்ல, அப்புறம் ஈறு மட்டும் ஏன்னு உடைஞ்சு போயிருந்தேன். மாத்திரை வைரஸத் தான் அடக்கும், பல்லுல படியிறத நாம தான் எடுக்கணும்னு டாக்டர் புரிய வச்சாங்க. சில மருந்தால வாய் காய்ஞ்சு போகும், எச்சில் குறைஞ்சா பல்லுக்கும் ஈறுக்கும் காவல் குறைஞ்ச மாதிரி. வெறும் ஈறு வீக்கத்தோட பிடிச்சிட்டா முழுசா சரியாகும், உள்ள எலும்பு கரைஞ்சிட்டா போனது போனது தான். எனக்கு 2 பல்லுல கொஞ்சம் கரைஞ்சிருக்கு. மிச்சத்த காப்பாத்திக் குடுத்தது டாக்டர், அவங்களுக்கு வாழ்நாள் நன்றி.

விடாம பின்னாடியே நின்னு அனுப்பி வச்ச கவுன்சலர், ராத்திரி எல்லாம் முழிச்சிருந்த பெரியம்மா, மெசேஜ் பண்ணிக்கிட்டே இருந்த, என்னை மாதிரியே ஹெச்ஐவியோட இருக்குற நம்ம குரூப் பசங்க, எல்லாருக்கும் நன்றி.

ஹெச்ஐவி செக்கப்ல சிடி4 (எதிர்ப்பு சக்தி செல்லோட எண்ணிக்கை) கேப்பாங்க, எடை பார்ப்பாங்க, பல்லு விளக்குறப்ப ரத்தம் வருதான்னு என்னை யாரும் கேட்டதே இல்ல. நம்ம குரூப்ல இருக்குற சின்னப் பசங்கள இனிமே நான் கேக்கப் போறேன், ஒவ்வொருத்தரையா.

அக்கா, 3 மாசத்துல வரச் சொன்னீங்கல்ல, வந்துடுறேன். அந்த இடத்துலயும் இப்ப பிரஷ் பண்றேன்.