கேள்வியாகக் கேட்காதே, செய்தியாகச் சொல்

அன்புள்ள முருகேசா,

நலம். உன் கடிதம் ஆடியில் வந்தது, பதில் மார்கழியில் போகிறது. திட்டுவதை நேரில் திட்டு. சட்டாம்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதே, ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவான்.

புது அதிகாரியின் அறைக்குள் போனாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது, இரவில் தூக்கமில்லை என்று எழுதியிருந்தாய். 'கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு கார்டு எழுதித் தபாலில் போடாமலே வைத்திருந்தேன். நல்லவேளை!

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டறை மூடும் நேரம். தடிமனை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரைத் துடைத்து மூடினால், சுழியில் நிற்க வேண்டியது மூன்று கோடு தள்ளி நிற்கிறது. 0.03 மில்லிமீட்டர். மறுபடி துடைத்தேன், அதே மூன்று. அந்த வாரம் 25 மில்லிமீட்டர் தடிமன் என்று நான் பாஸ் செய்த 240 பம்ப் ஷாஃப்ட்டும், அதாவது பம்பின் சுழல் தண்டும், உண்மையில் 24.97. உனக்கு இது தூசி. தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குக்கு அப்படி இல்லை; இறுகப் பிடிக்க வேண்டிய உள்வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே வழுக்கிச் சுற்றும், சூடேறும், தேயும்.

மேற்பார்வையாளரிடம் ஓடினேன். ஓடிப்போய் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணா, இந்த ஷாஃப்ட் கொஞ்சம் தளர்வாக இருக்கிற மாதிரி இல்லை?" அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே, "அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்றார். சொல்லியாகிவிட்டது என்று மனசாட்சிக்கு ஒரு ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ரசீது செல்லவில்லை. மூன்று இரவும் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். இருப்பதோ மூன்று இறக்கை. இதற்கிடையே சனிக்கிழமை 60 பம்புகள் லாரி ஏறிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான், விமானப் பராமரிப்பு படிக்கிறவன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துருவித் துருவிக் கேட்டான். பிறகு அவன் வகுப்பில் நடத்திய ஒரு விபத்தைச் சொன்னான். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, ஓடுபாதையில் மூடுபனி. ஒரு ஜம்போ விமானம் கிளம்பி ஓடத் தொடங்கிவிட்டது. எதிரில் இன்னொரு ஜம்போ பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானிகளோடு உள்ளே இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம். விலகவில்லையா என்று கேட்டார். கேட்கத்தான் செய்தார். விலகிவிட்டது என்று மூத்த கேப்டன் அடித்துச் சொன்னார். அதோடு பேச்சு நின்றது, விமானம் நிற்கவில்லை. 583 உயிர்கள். காரணங்கள் பல இருந்தாலும், அதன் பிறகு கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் சந்தேகத்தை எப்படி அழுத்திச் சொல்வது என்பதையே விமானிகளுக்குப் பாடமாக வைத்துவிட்டார்களாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் கேட்கத்தானே செய்தேன்!

அன்றிரவு மளிகை ரசீதின் பின்பக்கம் நாலு வரி எழுதினேன். திங்கள் காலை முதலாளி முன்னால் நின்று, கை நடுங்க அப்படியே படித்தேன்: "மைக்ரோமீட்டர் 0.03 தவறு காட்டியது. 240 ஷாஃப்ட் அளவு குறைவு, தவறு என்னுடையது. மிச்சம் 180-ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். லாரியில் போன 60 பம்புகளைத் திருப்பி வரவழைக்க உங்கள் உத்தரவு வேண்டும்." அவர் கத்தினார். நன்றாகவே கத்தினார், லேத்துச் சத்தத்தை மீறிக் கேட்டது. ஆனால் கத்திக்கொண்டே லாரி ஆபீசுக்குப் போன் போட்டார். பத்து நிமிடம்தான். அதற்காகவா மூன்று இரவு?

வேலை போகவில்லை. லாரி வாடகையில் பாதி என் சம்பளத்தில் பிடித்தம். வியாழனன்றே வாயைத் திறந்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே அந்தக் கார்டைக் கிழித்துவிட்டேன். கவலைப்படு, ஆனால் அதைத் துண்டுச் சீட்டில் எழுது: என்ன நடந்தது, எவ்வளவு, நீ இதுவரை என்ன செய்தாய், அவரிடமிருந்து என்ன வேண்டும். 'ஐயா தப்பாக நினைக்காவிட்டால்' என்ற உன் வழக்கமான முன்னுரையை அடித்துவிடு. அது முடிவதற்குள் எந்த அதிகாரியும் அடுத்த கோப்பைத் திறந்துவிடுவார். முதலில் உன் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டு. அவளைத் தாண்டிவிட்டால் அதிகாரி எம்மாத்திரம்?

போய்ச் சொன்னாயா, அவர் என்ன சொன்னார் என்று எழுது. பொங்கலுக்கு வந்தால் அந்த 35 ரூபாயையும் மறக்காமல் கொண்டுவா.

உன்,
சண்முகம்