சனசமூக நிலையக் காணித் தோட்டம்: பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முன்பள்ளிக்குப் பின்னால் பற்றை மண்டிக் கிடந்த பொதுக்காணி தோட்டமாகிவிட்டது. 2010இல் மீளக்குடியமர வந்தபோது அதைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கண்ணிவெடி அகற்றிக் காணியைக் கையளித்த பிறகும் எவரும் உள்ளே இறங்கவில்லை. பயம் தெளிவதற்குள் உடைந்த ஓடும் தகரமும் ஊர்க்குப்பையும் அங்கே போய்ச் சேர்ந்தன. மிச்சத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொண்டது.

சிரமதானத்தில் எங்களை அதிகம் வருத்தியதும் அந்தப் பூண்டுதான். அறுத்தால் மறுபடி தழைக்கும். பூக்குமுன் வேரோடு பிடுங்கவேண்டும். கையுறை எதற்கு என்று வீரம் பேசிய தம்பிமார் இருவர், மணிக்கட்டுவரை தடித்துச் சொறிந்துகொண்டு மறுநாள் கையுறை கேட்டு முதலாளாக வந்து நின்றார்கள்.

அடுத்தது கிணறு. உள்ளே என்ன கிடக்குமோ என்ற அச்சம் நியாயமானது. ஆகவே உரியவர்களுக்கு அறிவித்து, அவர்கள் சோதித்துச் சொன்ன பிறகே இறைத்தோம். சேற்றோடு ஏறி வந்தவை ஒரு சைக்கிள் ரிம், துருவேறிய தையல் இயந்திரத் தலை, நசுங்கிய பித்தளைக் குடம். குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. அந்த அம்மா இப்போது இல்லை, மகளிடம் ஒப்படைத்தோம். அவர் அதைப் புளி போட்டு மினுக்கி வீட்டில் வைத்திருக்கிறார்.

வேலிக்காக நடந்த வாக்குவாதத்தைக் கூட்டக் குறிப்பில் முழுவதும் எழுதவில்லை, எழுதாததே நல்லது. முட்கம்பி போதும் என்று ஒரு சாரார், நட்டால் தளிர்த்து உயிர்வேலியாகும் கதியால்தான் வேண்டும் என்று மறுசாரார். கடைசியில் கம்பியும் இழுத்தோம், இடையிடையே சீமைக்கிளுவைக் கதியாலும் நட்டோம். ஐப்பசி மழைக்கு அவை தளிர்த்துவிட்டன. 2005இல் இலங்கை அரசாங்கம், தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்த மரம் சீமைக்கிளுவை. குழையை வெட்டிப் பாத்தியில் தாட்டால் தழைச்சத்துக் கிடைக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது வயலில் பட்ட பாட்டை நினைத்தால், வேலியிலேயே பசளை நிற்பது சின்ன விடயமல்ல. ஆடு வளர்ப்பவர்களின் கண் அந்தக் குழையில் இருப்பதும் தெரியும், கேட்டுவிட்டு வெட்டவும்.

கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய் வைத்தாயிற்று. வேலியோரம் முருங்கையும் தூதுவளையும். நடுவில் நிற்கும் பாலை மரத்தைத் தறித்தால் இன்னும் சில பாத்திகள் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நிர்வாகசபை இணங்கவில்லை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிழல் அதுதான். பழக்காலத்தில் மரத்தடியில் முதலில் நிற்பவர்களும் தறிக்கச் சொன்னவர்களாகவே இருப்பார்கள்.

வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பிய பணம் நீர்ப்பம்பிக்கும் கம்பிக்கும் போனது. உழவு இயந்திரம் இரவல். மற்றதெல்லாம் உங்கள் உடலுழைப்பு. பற்றுச்சீட்டுகளோடு கணக்கு நிலையத்தில் இருக்கிறது, எவரும் பார்க்கலாம்.

மார்கழிவரை வானம் பார்த்துக்கொள்ளும். பங்குனிக்குப் பிறகு, முக்கியமாகச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால், ஒருநாள் தவறினாலும் பாத்தி வெடித்துவிடும். தண்ணீர் முறைப் பட்டியலில் சனிக்கிழமைகளுக்கு இன்னும் பெயர் இல்லை. விரும்புவோர் செயலாளரிடம் பதியவும். படலையைத் திறப்பவர்கள் கொளுவிவிட்டு வரவும். கட்டாக்காலி மாடுகள் பகலிலும் வருகின்றன.

நிர்வாகசபை