கிணற்றுமேட்டுக் கொல்லை

சியாட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பாவை வைத்து நீ எழுதிய கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தப்புதான். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. இங்கே கேழ்வரகு மாவு கிடைக்கிறது, களி கிண்டித்தான் சாப்பிடுகிறேன்.

செவலை கிடேரிக்கன்று போட்டதைப் படித்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தனியாகத்தான் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழி, இரண்டு குட்டை ஆடு. இங்கே எதை வளர்க்கவும் சட்டம் உண்டு அம்மா. வீட்டுமனையில் கோழி 8 வரைக்கும் வைக்கலாம், சேவல் கூடவே கூடாது. கூண்டு அடுத்த வீட்டிலிருந்து 10 அடி தள்ளி இருக்க வேண்டும், புதுக் கூண்டு வைத்த அன்று டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு அந்த மழையிலும் இரண்டு தரம் அளந்தார். ஆடு என்றால் குட்டை ரகம்தான், கொம்பு இருக்கக் கூடாது, கிடாவுக்குக் காயடித்திருக்க வேண்டும். மாடு வைக்க 20,000 சதுர அடி, அதாவது நம் கணக்கில் 46 சென்ட் வேண்டும், அதிலும் ஒரு மாட்டுக்கு 23 சென்ட் வீதம், கொட்டாய் அடுத்த மனையிலிருந்து 50 அடி தள்ளி. ஊருக்குள் அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது?

போன ஞாயிறு அந்த ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டேன். ஒன்று என் சட்டைக் கையைப் பிடித்து மென்றது. கையெல்லாம் நம் பட்டி வாசம். ராத்திரி கை கழுவாமலே படுத்துவிட்டேன் அம்மா.

அண்ணன் கிணற்றுமேட்டுக் கொல்லையை மனை போடக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். அப்பாவைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். மேற்கே மனை வாங்கி வீடு கட்டினவர்கள் சாணி நாற்றம் என்று இப்போதே சண்டைக்கு வருகிறார்கள், நம் கொல்லையும் மனையாகிவிட்டால் கொட்டாயை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அப்புறம் செவலையையும் கன்றையும் போச்சம்பள்ளி சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அண்ணனுக்குக் கடன் நெருக்கடி என்றால் என்னிடம் கேட்கட்டும். இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும், சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்கள், நீ எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

சித்தப்பாவைப் பட்டா நகல் எடுத்து அனுப்பச் சொல். மாந்தோப்புக் குத்தகைக்கு முன்பணம் வாங்கியாயிற்றா? கன்றுக்கு நெற்றியில் வெள்ளை இருக்கிறதா என்று பாப்பாவை மறக்காமல் எழுதச் சொல்.

உன் மகன்